வகுத்தலும் பெருக்கலும்: ஓர் எளிய சூத்திரத்தின் வரலாறு

எமது பாடசாலைகளிலே பௌதிகவியல் கற்கும் மாணவர் எவரும் இரண்டு சூத்திரங்களை மனனஞ் செய்யாது பரீட்சை மண்டபத்துள் நுழைவதில்லை. ஒரு மின்சுற்றிலே அழுத்தமும் ஓட்டமும் தரப்பட்டால், அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வலு கிடைக்கும். 230 வோல்ற்று மின்வழங்கலோடு இணைக்கப்பட்ட மின்கேத்தல் ஒன்று 10 அம்பியர் ஓட்டத்தைப் பெறுகின்றதெனக் கொள்வோம். அதன் தடை 23 ஓம். அது செலவிடும் வலு 2300 வாற்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு இது. விடை சரியாயின் புள்ளி கிடைக்கும். பாடமும் அத்தோடு முடிந்துவிடும்.

ஆயினும் இவ்வெளிய கணக்கை உலகின் தலைசிறந்த அறிஞர்களாலும் செய்ய முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. அது வெகுதொலைவுக் காலமன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதே. அந்த வகுத்தலை முதலிற் செய்து காட்டியவன் யார்? எத்தகைய வாழ்க்கையினின்று அவன் அதனைக் கண்டான்? அந்தப் பெருக்கல் யாருடைய தேவைக்காக எழுந்தது? அதனால் ஆதாயம் பெற்றோர் யாவர்? இவ்வினாக்களுக்கு எமது பாடநூல்களில் இடமில்லை. சூத்திரம் மட்டும் வானத்திலிருந்து விழுந்த மந்திரம்போலக் கரும்பலகையிலே எழுதப்படுகின்றது.

கலை இலக்கிய ஏடொன்றிலே மின்னியலுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். கவிதையையும் காவியத்தையும் அவை தோன்றிய சமுதாயத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என வற்புறுத்தி வரும் நாம், விஞ்ஞானத்தை மட்டும் அவ்வாறு பார்க்காது விடுவது எவ்வாறு பொருந்தும்? மனிதரின் உழைப்பும் தேவையும் போராட்டமும் கவிதையிற் படிந்திருப்பதுபோலவே சூத்திரத்திலும் படிந்திருக்கின்றன. இவ்விரு சூத்திரங்களையும் அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

முதலில், பூட்டி வைக்கப்பட்ட அறிவொன்றைப் பற்றிக் கூற வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே வாழ்ந்த ஹென்றி கவென்டிஷ் என்பார் பிரபு வமிசத்தைச் சேர்ந்தவர். டெவன்ஷயர்ப் பிரபுவின் பேரன். பெருஞ் செல்வத்துக்கு அதிபதி. மனிதரோடு பேசுவதற்கே கூசிய அவர் தமது வீட்டையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு ஓயாது பரிசோதனை செய்தார். அக்காலத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. எனவே கவென்டிஷ் தமது உடலையே கருவியாக்கினார். உப்புநீர் நிறைத்த கண்ணாடிக் குழாய்களினூடாக மின்னைச் செலுத்தி, தம் உடலில் ஏற்படும் அதிர்ச்சி கூடியதா குறைந்ததா என உணர்ந்து ஒப்பிட்டார். 1781ஆம் ஆண்டளவில், பிற்காலத்தில் ஓமின் விதி எனப் பெயர் பெற்ற உண்மையை அவர் சாராம்சத்தில் அறிந்துகொண்டுவிட்டார்.

ஆனால் அவர் அதனை வெளியிடவில்லை. வெளியிட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவுமில்லை. பிழைப்புக்காகவோ பதவிக்காகவோ அவர் ஆராய்ந்தாரல்லர். 1810இல் அவர் இறந்தபோது அக்குறிப்புகள் காகிதக் கட்டுகளாய்க் கிடந்தன. கேம்பிரிட்ஜிலே கவென்டிஷ் பெயரால் அமைந்த ஆய்வுகூடத்தின் முதற் பேராசிரியரான மக்ஸ்வெல் அவற்றைப் படித்து ஒழுங்குபடுத்தி 1879இல் நூலாக வெளியிட்டபோதுதான் உலகம் இச்செய்தியை அறிந்தது. கண்டறிதலுக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. அந்த நூறாண்டிலே தந்தி வந்துவிட்டது. கடலடிக் கம்பியும் வந்துவிட்டது. கவென்டிஷின் அறிவு அவற்றுள் எதற்கும் துணைபுரியவில்லை.

கவென்டிஷின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு தனிமனிதனின் பேழைக்குள் அடங்கிக் கிடக்கும் அறிவு, அது எத்துணை உயர்ந்ததாயினும், சமுதாயத்தைப் பொறுத்தவரை இல்லாத அறிவேயாகும் என்பதையே அவரது வரலாறு உணர்த்துகின்றது.

2

இதே உண்மையை உலகறியச் செய்தவன் பிரபு அல்லன். பவேரியாவின் எர்லாங்கன் நகரிலே பூட்டுச் செய்து பிழைத்த ஒரு தொழிலாளியின் மகன்.

கேயோர்க் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆந் திகதி பிறந்தான். பாரிஸ் நகரிலே பஸ்தீல் சிறை தகர்க்கப்பட்ட ஆண்டும் அதுவே. அவனது தாய் ஒரு தையற்காரரின் மகள். ஓமுக்குப் பத்து வயதானபோது அவள் இறந்தாள். பிறந்த பிள்ளைகள் எழுவரில் மூவரே பிழைத்தனர். தந்தை யோகான் வொல்ப்காங் ஓம் பள்ளிக்கல்வி வாய்க்கப்பெறாதவர். பட்டறை வேலை போக மிஞ்சிய நேரத்திலே தாமாகவே கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தத்துவமும் கற்று, கற்றவற்றைத் தம் புதல்வருக்கும் புகட்டினார். இளையவன் மார்ட்டின் பின்னர் கணிதப் பேராசிரியனானான். மூத்தவனோ நெடுங்காலம் பாடசாலை ஆசிரியனாகவே இருந்தான்.

பல்கலைக்கழகத்திலே சேர்ந்த ஓம் அங்கு நடனத்திலும் பில்லியட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினான் என்று சினந்து, தந்தை அவனைச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கு பாடசாலையொன்றிலே கணிதம் கற்பித்தபடியே மேற்கொண்டு படித்து, 1811இல் எர்லாங்கனுக்குத் திரும்பிக் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் பட்டம் சோறு போடவில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்து கிடைத்த வருவாய் வாழ்க்கைக்குப் போதாது போகவே, பாம்பேர்க் நகரில் ஒரு சிறு பாடசாலைக்குச் சென்றார். அப்பாடசாலை 1816இல் மூடப்பட்டது. கேத்திர கணிதத்தைக் கற்பிக்கும் முறைபற்றி அவர் எழுதிய நூலின் பயனாக, 1817இல் கொலோன் நகர உயர்நிலைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் பதவி கிடைத்தது. அப்பாடசாலையில் ஓரளவு நல்ல பௌதிக ஆய்வுகூடம் இருந்தது. கற்பித்தல் முடிந்த பின் எஞ்சிய நேரத்தை ஓம் அங்கே கழித்தார்.

அக்காலத்தில் மின்னியல் இருந்த நிலையை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1800இல் வோல்ற்றா மின்கலவடுக்கை அமைத்தார். 1820இல் ஏர்ஸ்டட் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். ஆனால் அழுத்தம் என்பது யாது, ஓட்டம் என்பது யாது, இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்பவை தெளிவுபடவில்லை. சுற்று மூடப்பட்டு ஓட்டம் தொடங்கியதும் அழுத்தம் மறைந்துவிடுகின்றது என்றும் கருதினர்.

1825இல் ஓம் வெளியிட்ட முதற் கட்டுரையில் அவர் தந்த சூத்திரம் சரியானதன்று. அதற்குக் காரணமும் இருந்தது. அக்கால மின்கலங்கள் நிலையற்றவை. சற்று நேரத்திலேயே தளர்ந்துவிடுபவை. அளக்கும்போதே அளக்கப்படும் பொருள் மாறிக்கொண்டிருந்தால் விதியைக் காண்பது எங்ஙனம்? விஞ்ஞான ஏடொன்றின் ஆசிரியரான பொகண்டோர்ப், சேபெக் என்பவர் கண்டறிந்திருந்த வெப்பவிணையைப் பயன்படுத்துமாறு யோசனை கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் மின் உண்டாகும். வெப்பநிலை வேறுபாடு மாறாதவரை அதன் அழுத்தமும் மாறாது.

ஓம் செம்பையும் பிசுமதத்தையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரால் சூடாக்கினார். மற்றதைப் பனிக்கட்டியால் குளிர்வித்தார். ஒரே தடிப்புள்ள செப்புக் கம்பியில் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டு வெவ்வேறு நீளத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றிலே சேர்த்தார். ஓட்டத்தை அளப்பதற்கு, மெல்லிய உலோக நாடாவிலே காந்த ஊசியைத் தொங்கவிட்டு, ஓட்டத்தால் திரும்பிய ஊசியைப் பழைய நிலைக்குக் கொணர நாடாவை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று பார்த்தார். இத்தகைய நுண்கருவியைச் செம்மையாக அமைப்பதற்குப் பட்டறைக் கை வேண்டும். பூட்டுச் செய்பவனின் மகனுக்கு அது இருந்தது.

1826இல் விடை கிடைத்தது. கம்பியின் நீளம் கூடக்கூட ஓட்டம் ஓர் ஒழுங்குக்குட்பட்டுக் குறைந்தது. வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது அழுத்தத்தைக் குறிக்கும் எண் மாறியது. கருவியின் உள்ளிருக்கும் தடையைக் குறிக்கும் எண்ணோ மாறவில்லை. அழுத்தம் வேறு, தடை வேறு என்பது அந்தக் கணத்தில் தெளிவாயிற்று. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது கம்பியின் இயல்பைச் சார்ந்த ஓர் எண். எமது மாணவர் ஒரு வரியில் எழுதும் அந்த வகுத்தலுக்குப் பின்னால் பனிக்கட்டியும் கொதிநீரும் எட்டுத் துண்டுக் கம்பியும் நின்றன.

3

பாதிச் சம்பளத்தோடு ஓராண்டு விடுமுறை பெற்றுப் பேர்லினுக்குச் சென்ற ஓம், 1827இல் மின்சுற்றைக் கணித முறையிலே விளக்கும் தமது நூலை அங்கு வெளியிட்டார். வெப்பம் பொருள்களினூடே பரவுவதைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822இல் எழுதிய நூல் அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தது. இந்நூல் தம்மைப் பல்கலைக்கழகப் பதவியொன்றுக்கு உயர்த்தும் என அவர் நம்பினார். நடந்ததோ வேறு.

அன்றைய பிரஷ்யக் கல்வியுலகிலே இயற்கைத் தத்துவம் என்ற போக்கு செல்வாக்குற்றிருந்தது. இயற்கையின் உள்ளொளியைச் சிந்தனையால் தரிசிக்கலாம், அளவுகோலும் கணிதமும் அதன் மேற்றோலை மட்டுமே தொடும் என அதனைச் சார்ந்தோர் எண்ணினர். அத்தகையோருள் ஒருவரான போல் என்பார் பேர்லின் ஏடொன்றிலே ஓமின் நூலைக் கடுமையாகச் சாடினார். கல்வி அதிகாரிகளும் ஓமுக்கு ஆதரவு நல்கவில்லை. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் பதவியைத் துறந்தார். பேர்லினிலே இராணுவப் பாடசாலையொன்றில் வாரத்திற் சில மணித்தியாலங்கள் கணிதம் கற்பித்து ஆண்டுகளைக் கழித்தார். 1833இலேயே நூரெம்பேர்க் தொழில்நுட்பப் பாடசாலையில் நிலையான பதவி கிடைத்தது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் ஓமை அறியாமையின் கையிற் சிக்கிய தியாகியாகச் சித்திரித்து நின்றுவிடுகின்றனர். அச்சித்திரம் முழு உண்மையன்று. ஓமின் நூல் கடினமான கணிதத்தால் நிறைந்திருந்தது. பரிசோதனையாளர்களுக்குக் கணிதம் விளங்கவில்லை. ஜேர்மனியிலேயே பெக்னர் போன்ற சிலர் அவரது கருத்தை ஏற்று ஆய்வைத் தொடர்ந்தனர். ரஷ்யாவிலே லென்ஸ் தமது ஆய்வுகளில் அதனைக் கையாண்டார். எனவே ஓமை எவருமே மதிக்கவில்லை என்பது மிகை. ஆனால் ஒன்று உறுதி. கையால் அளப்பதைக் கீழானதாகவும் சிந்தனையால் அளாவுவதை மேலானதாகவும் கொள்ளும் மனப்பான்மை ஆட்சிப் பீடத்தோடு சேரும்போது, ஒரு பாடசாலை ஆசிரியனின் வாழ்வில் பல ஆண்டுகளைப் பறிக்க அதனால் முடிந்தது. கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் இம்மனப்பான்மை எமது சமுதாயத்துக்கும் அந்நியமானதன்று. கொல்லனையும் தச்சனையும் சாதியால் ஒதுக்கி, ஏட்டைப் படித்தவனை மட்டும் அறிஞனெனப் போற்றிய மரபு எமக்கும் உண்டு.

4

ஓமுக்கு மதிப்பு இலண்டனிலிருந்து வந்தது. 1841இல் பிரித்தானிய ரோயல் சங்கம் அவருக்குக் கொப்ளி பதக்கத்தை வழங்கியது. அவரது நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாண்டே வெளிவந்தது. இங்கிலாந்தில் இக்கரிசனை ஏன் எழுந்தது?

அங்கே புகையிரதப் பாதைகளின் ஓரமாகத் தந்திக் கம்பிகள் நீண்டுகொண்டிருந்தன. 1837இல் குக்கும் வீற்ஸ்டனும் தந்திக்குக் காப்புரிமை பெற்றனர். பல மைல் நீளக் கம்பியின் மறுமுனையில் ஊசியை அசைக்க எத்தனை கலங்கள் வேண்டும்? கம்பி எவ்வளவு தடித்திருக்க வேண்டும்? ஊகித்துச் செய்தால் பணம் வீணாகும். தடை என்ற எண்ணம் இப்போது முதலாளியின் கணக்கேட்டுக்கே தேவைப்பட்டது. 1843இல் வீற்ஸ்டன் ரோயல் சங்கத்திலே ஆற்றிய விரிவுரையில் ஓமின் விதியை விளக்கித் தடையை அளக்கும் முறைகளையும் எடுத்துரைத்தார்.

இத்தேவை அத்திலாந்திக் சமுத்திரத்திலே உச்சத்தை எட்டியது. அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்துவரை கடலடியிற் கம்பி இடுவதற்குக் கம்பனியொன்று அமைந்தது. அதன் மின்னியல் அதிகாரியான வைற்ஹவுஸ் தொழிலால் வைத்தியர், கணிதத்தை நம்பாதவர். கம்பனியின் பணிப்பாளர்களுள் ஒருவரான வில்லியம் தொம்சனோ கணக்கிட்டுச் செய்யும்படி வலியுறுத்தினார். விற்பனைக்கு வரும் செம்பு யாவும் ஒரே தரமானவை அல்ல, அவற்றின் கடத்துந் திறன் பெரிதும் வேறுபடுகின்றது என 1857இல் அவர் அளந்து காட்டினார். ஆனால் கம்பியின் பெரும்பகுதி ஏற்கெனவே ஆயத்தமாகிவிட்டது.

1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா மகாராணியின் 98 சொற்கொண்ட செய்தி அமெரிக்காவைச் சென்றடையச் சுமார் 16 மணித்தியாலங்கள் பிடித்தன. செய்தி மந்தமாகச் சென்றதைக் கண்ட வைற்ஹவுஸ் பெருஞ் சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த கம்பி சில வாரங்களுள் செத்தது. அது உயிரோடிருந்த குறுகிய காலத்தில் அனுப்பப்பட்ட செய்திகளுள் ஒன்று எம்மைப் போன்ற குடியேற்ற நாட்டாருக்கு நினைவில் நிற்க வேண்டியது. 1857இல் இந்தியாவிலே எழுந்த பெருங் கிளர்ச்சியை அடக்குவதற்கெனக் கனடாவிலிருந்து புறப்பட ஆயத்தமாயிருந்த இரு படைப்பிரிவுகளை, கிளர்ச்சி ஒடுக்கப்பட்டமையால் இனித் தேவையில்லை என இலண்டன் தந்தி மூலம் நிறுத்தியது. அந்த ஒரு செய்தியால் அரசுக்கு 50,000 பவுண் மிச்சமாயிற்று எனக் கணக்கிடப்பட்டது. ஏகாதிபத்தியத்துக்குத் தந்தி ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அடுத்து, இந்தியாவை எட்டுவதற்காகச் செங்கடலில் இடப்பட்ட கம்பியும் பயனற்றுப் போனது. இலட்சக்கணக்கான பவுண் கடலில் மூழ்கிய பின்னரே அரசும் கம்பனியும் சேர்ந்து விசாரணைக் குழுவொன்றை அமைத்தன. அதன் அறிக்கை 1861இல் வெளிவந்தது. தடையை அளக்க யாவருக்கும் பொதுவான அலகு வேண்டும் என்பதும் உணரப்பட்டது. அவ்வாண்டே பிரித்தானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கம் மின்னலகுகளை வகுக்கக் குழுவொன்றை நியமித்தது. தொம்சனும் மக்ஸ்வெல்லும் அதில் உழைத்தனர். 1866இல் அத்திலாந்திக் கம்பி நிலைபெற்றது. 1881இல் பாரிஸ் நகரிலே கூடிய சர்வதேச மாநாடு தடையின் அலகுக்கு ஓம் எனவும், அழுத்தத்தின் அலகுக்கு வோல்ற்று எனவும், ஓட்டத்தின் அலகுக்கு அம்பியர் எனவும் பெயர்களை உறுதிசெய்தது. 1852இல்தான் மியூனிக் பல்கலைக்கழகத்திலே பௌதிகப் பேராசிரியராகி, இரண்டே ஆண்டுகளில், 1854இல் காலமான ஓம் இதனைக் காணவில்லை.

5

இனிப் பெருக்கலுக்கு வருவோம். இதன் வரலாறு மதுவடிசாலையொன்றிலே தொடங்குகின்றது.

மன்செஸ்ரருக்கு அருகிலுள்ள சல்போர்ட்டிலே மதுவடிசாலை உரிமையாளர் ஒருவரின் மகனாக 1818இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல். நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்னியந்திரத்தைப் பயன்படுத்தினால் செலவு குறையுமா என்பதே அவரது முதற் கேள்வி. உலகிலேயே முதலாவது ஆலை நகரமான மன்செஸ்ரரில் இக்கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது, உலையில் எரியும் நிலக்கரியைவிட மின்கலத்திலே கரையும் துத்தநாகம் மிகுந்த செலவுடையது என்பது தெரிந்தது. ஆனால் அந்த ஏமாற்றத்தினூடே அவர் வேறொன்றைக் கண்டார். கம்பியினூடாக மின் பாயும்போது கம்பி சூடாகின்றது. அந்த வெப்பம் எவ்வளவு?

நீருள் அமிழ்த்திய சுருளினூடே ஓட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வை அவர் அளந்தார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காயிற்று; மும்மடங்கானால் ஒன்பது மடங்காயிற்று. ஆகவே வெப்பம் உண்டாகும் வீதம் ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கி வருவது. 1841இல் இதனை வெளியிட்டார். ரஷ்யாவில் லென்ஸ் தனியாகச் செய்த பரிசோதனைகளால் அடுத்த ஆண்டிலேயே இதே முடிவுக்கு வந்தார்.

இங்கே ஓமின் வகுத்தலும் ஜூலின் பெருக்கலும் ஒன்றோடொன்று கைகோர்க்கின்றன. ஓட்டத்தைத் தடையாற் பெருக்க வருவது அழுத்தம் என்பது ஓமின் விதி. அவ்வாறாயின் ஓட்டத்தை ஓட்டத்தாலும் தடையாலும் பெருக்குவது, ஓட்டத்தை அழுத்தத்தாற் பெருக்குவதற்குச் சமம். எமது கேத்தலில் 10 அம்பியரின் வர்க்கம் 100. அதனை 23ஆற் பெருக்க 2300. 230ஐ 10ஆற் பெருக்கினும் அதே 2300. இரு வழிகளும் ஓரிடத்தைச் சேர்கின்றன. இத்தொடர்பை விளங்கிக்கொண்ட மாணவன் இரு சூத்திரங்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை.

வலுவின் அலகுக்குரிய பெயரும் ஆலைகளின் உலகினின்றே வந்தது. ஜேம்ஸ் வாற் தமது நீராவி இயந்திரத்தை விற்பதற்காக, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். குதிரைவலு என்னும் சொல் அவ்வாறே வழக்கிற் பரவியது. ஒரு குதிரைவலு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 746 வாற்று. மின்வலுவின் அலகுக்கு வாற்றின் பெயரைச் சூட்டலாம் என 1882இல் சீமென்ஸ் முன்மொழிந்தார்.

6

வகுத்தலும் பெருக்கலும் எவ்வளவு பெரும் ஆயுதங்கள் என்பதை அவ்வாண்டிலேயே நியூயோர்க் நகரம் கண்டது.

வீடுகளுக்கு மின்விளக்கு வழங்க எண்ணிய எடிசனுக்கு முன்னிருந்த முதன்மையான இடர் செம்பின் விலை. அவரிடம் பணியாற்றிய அப்ரன் கணிதம் பயின்றவர். இவ்விடரை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். 100 வாற்று வலு வேண்டிய ஒரு மின்குமிழை 10 வோல்ற்றில் எரிப்பதாயின் 10 அம்பியர் ஓட்டம் வேண்டும். குமிழின் தடை 1 ஓம். அதனையே 100 வோல்ற்றில் எரிப்பதாயின் 1 அம்பியர் போதும். குமிழின் தடை 100 ஓம். வீதியிலே செல்லும் கம்பியில் வெப்பமாக வீணாகும் வலு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இரண்டாவது முறையில் வீணாவது முதல் முறையில் வீணாவதன் நூறிலொரு பங்கே. அன்றேல், மிக மெல்லிய கம்பியைக் கொண்டே வேலையை முடிக்கலாம். எனவே தேவைப்பட்டது உயர் தடையுள்ள மெல்லிய இழை. காகிதக் கரியிலும் மூங்கிற் கரியிலும் எடிசனின் தொழிலாளர்கள் இராப்பகலாய்த் தேடியது கணக்கு முன்கூட்டியே கேட்டுவிட்ட ஒரு பொருளைத்தான்.

1882 செப்ரெம்பர் 4ஆந் திகதி பேர்ல் வீதி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. விளக்கு முதலில் எரிந்த இடங்களுள் ஒன்று வங்கி முதலாளி ஜே. பி. மோர்கனின் அலுவலகம். அவரது பணமே அம்முயற்சிக்கு ஆதாரமாயிருந்தது. அந்நகரின் நெருக்கடிக் குடியிருப்புகளிலே வாழ்ந்த உழைப்பாளருக்கு மின்னொளி எட்டப் பல்லாண்டுகள் சென்றன.

அக்கால மின்மானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடிசனின் முதல் மானிகளில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. கரைசலுள் அமிழ்ந்த துத்தநாகத் தகடுகள் இருந்தன. மின் பாய்ந்த அளவுக்கேற்ப ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதிற் படியும். கம்பனி ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்த்துக் கட்டணத்தை அறிவிப்பான். பணம் கொடுப்பவன் தான் எவ்வளவு செலவிட்டான் என்பதைத் தன் கண்ணாற் பார்க்க வழியில்லை. இது வாடிக்கையாளரின் முறைப்பாட்டுக்கு உள்ளாயிற்று. கணக்குக் கம்பனியின் கையில், கட்டணம் மட்டும் மக்களின் கையில் என்ற நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

7

இலங்கையிலும் இதே கணக்கு ஒரு பெரும் வாதத்துக்கு அடிப்படையாயிற்று. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு அருவிகளிலிருந்து பெறக்கூடிய வலுவைக் கணக்கிட்டு, இந்நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை நீரிலிருந்தே உற்பத்தி செய்யலாம் என எடுத்துரைத்தார். குடியேற்ற ஆட்சி அதனை விரைந்து நிறைவேற்ற முன்வரவில்லை. லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். இன்று எமது பெரும் மின்வழிகள் 132,000 வோல்ற்றிலும் 220,000 வோல்ற்றிலும் மின்னைக் கொண்டு செல்வதற்குக் காரணம் மேலே கண்ட அதே வர்க்கக் கணக்கு. ஆனால் அம்மின்வழிகள் கடந்து செல்லும் மலைச் சரிவுகளிலே, தேயிலைத் தொழிலாளரின் லயன் அறைகள் பல நெடுங்காலமாக மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்தன. வலுவை உற்பத்தி செய்யும் கணக்கு சரியாயிருந்தது. அதனைப் பங்கிடும் கணக்குத்தான் பிழைத்தது.

இவற்றையெல்லாம் கூறுவதன் நோக்கம் யாதெனில், இச்சூத்திரங்களை எமது வகுப்பறைகளிலே கற்பிக்கும் முறை மாற வேண்டும் என்பதே. அழுத்தம், ஓட்டம், தடை, வலு என்னும் தமிழ்ச் சொற்கள் பொருளைத் தாமே உணர்த்துபவை. தாய்மொழியிலே விஞ்ஞானம் கற்பிக்கப் போராடிப் பெற்ற இச்சொற்களையும் மந்திரம்போல ஒப்புவிக்கச் செய்தால் அப்போராட்டத்தால் விளைந்த பயன் என்ன? சூத்திரம் வேதமன்று, அதற்கும் எல்லையுண்டு. 230 வோல்ற்று, 60 வாற்று இழைக்குமிழ் ஒன்று எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கையில் அளந்தால் அதில் பத்திலொரு பங்களவேனும் இருப்பது அரிது. வெப்பநிலை மாறத் தடையும் மாறுகின்றது. மின்விசிறி போன்றவற்றிலே, ஆடலோட்டத்தின் இயல்பால், அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிய பெறுமானம் உண்மை வலுவைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. இவற்றை மாணவர் தாமே அளந்து காணச் செய்யும் ஆசிரியர், ஓம் கொலோன் ஆய்வுகூடத்திலே செய்ததையே செய்கின்றார்.

மேலும், மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்பட்டியலை எத்தனை மாணவர் வாசித்து விளங்கிக்கொள்கின்றனர்? 2300 வாற்றுக் கேத்தல் ஒரு மணித்தியாலம் இயங்கினால் 2.3 அலகு செலவாகும். இந்தப் பெருக்கலைத் தன் தாய்க்கு விளக்கிக் கூறக்கூடிய பிள்ளை, பட்டியலில் உள்ள தொகை சரியா என்று கேட்கவும் வல்லதாகும். அப்பிள்ளை நாளை கட்டணம் எவ்வாறு விதிக்கப்படுகின்றது, யாருக்கு எவ்விலை, ஏன் என்றும் கேட்கும்.

கவென்டிஷின் பேழையிலே நூறாண்டு கிடந்த அறிவும், நிறுத்துப் பார்க்கும் உரிமையைக் கம்பனியிடமே விட்ட மின்மானியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பூட்டுச் செய்தவரின் மகன் தான் கண்டதை நூலாக்கி யாவர் முன்னும் வைத்தான். அவனது தொழிலையே செய்யும் ஆசிரியர்களாகிய எமக்கு, அவ்வறிவை மேலும் பல கைகளுக்குக் கொண்டு செல்லும் கடமை உண்டு. இவ்வாண்டு அப்பாடத்தை நடத்தும்போது, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னர், ஒரு கம்பியையும் ஒரு மின்கலத்தையும் ஒரு மின்பட்டியலையும் மேசைமீது வைத்துத் தொடங்குவோமாக.